மடியில் கனம்

1989 ஜூலை 19. டென்வரிலிருந்து சிகாகோவுக்குக் கிளம்பிய யுனைடெட் 232 விமானத்தில் அன்று பிள்ளைகள் கூட்டம் அதிகம். ‘குழந்தைகள் தினம்’ என்று நிறுவனம் அறிவித்திருந்த கட்டணச் சலுகைதான் காரணம். ஏறியிருந்த 296 பேரில் 52 பேர் சிறுவர் சிறுமியர். அவர்களில் 4 பேருக்கு இருக்கையே கிடையாது. பெற்றோர் மடிதான் இருக்கை. இரண்டு வயது நிறையாத குழந்தை மடியில் உட்கார்ந்து போகலாம், பெல்ட் வேண்டியதில்லை என்பது அமெரிக்க விமான விதிகளில் வெகுகாலமாக இருந்துவந்த சலுகை. விமானம் சாய்ந்தால் பெரியவருக்கு ஒரு பெல்ட், கைப்பெட்டிக்குப் பூட்டிய அலமாரி, காபிக் கெண்டிக்குக்கூட ஒரு கொக்கி. குழந்தைக்கு மட்டும் ஒரு ஜோடிக் கைகள். அந்தக் கைகள் போதுமா என்ற கேள்வி அன்று பிற்பகல் 3 மணி 16 நிமிடத்தில் எழுந்தது.

வாலில் இருந்த இன்ஜினின் விசிறித் தட்டு உடைந்து சிதறியது. சிதறிய துண்டுகள் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளையும் ஒரேயடியாக அறுத்துவிட்டன. திருப்புவதற்கும் ஏற்றி இறக்குவதற்கும் விமானி அறையில் இருந்த ஒரு கருவியும் வேலை செய்யவில்லை. தலைமை விமானி ஆல் ஹெய்ன்ஸும் அவருடைய குழுவும், பயணியாக வந்திருந்த, அதே டிசி-10 ரக விமானங்களின் பயிற்சியாளர் டென்னிஸ் ஃபிச்சும் சேர்ந்து, மிச்சமிருந்த இரண்டு இன்ஜின்களின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் 44 நிமிடம் விமானத்தை வானில் வைத்திருந்தார்கள். விமானிகளின் வரலாற்றில் அது தனி அத்தியாயம். அதே நிமிடங்களில் பயணிகள் பக்கம் நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அங்கே பொறுப்பில் இருந்தவர் தலைமைப் பணிப்பெண் ஜேன் பிரவுன். மோதலுக்குப் பயணிகளைத் தயார்ப்படுத்த வேண்டியவர் அவர். எப்படிக் குனிய வேண்டும், எந்தக் கதவு, யார் யாருக்கு உதவ வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் பயிற்சியில் விடை இருந்தது. மடிக் குழந்தைகளுக்கும் ஒரு விடை இருந்தது: தரையில் கிடத்தி, சுற்றிலும் தலையணையும் போர்வையும் வைத்து அணைகட்டி, பெற்றோர் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒலிபெருக்கியில் அதைச் சொல்லும்போதே எத்தனை அபத்தம் என்று தனக்குத் தோன்றியதாக அவரே பின்னாளில் சொன்னார். ஆனாலும் சொன்னார். அதைவிட நல்லதாகச் சொல்ல அவரிடம் வேறொன்றும் இல்லை.

ஐயோவா மாநிலத்தின் சூ சிட்டி ஓடுபாதையில் வலது இறக்கை முதலில் உரசியது. விமானம் துண்டு துண்டாகி, நடுப்பகுதி தலைகுப்புறக் கவிழ்ந்து, சோளக்காட்டுக்குள் வழுக்கிக்கொண்டு போய் நின்றது. 112 பேர் இறந்தார்கள். 184 பேர் பிழைத்தது அதிசயம் என்று உலகமே எழுதியது. தரையில் கிடத்தப்பட்ட 4 குழந்தைகளில் இரண்டு, பெற்றோர் பிடியில் நிற்கவில்லை. ஒரு பெண் குழந்தையின் அழுகுரல் புகைக்குள்ளிருந்து கேட்க, தப்பி வெளியே வந்துவிட்ட ஜெர்ரி ஷெம்மல் என்ற பயணி திரும்ப உள்ளே நுழைந்து, கவிழ்ந்து கிடந்த விமானத்தின் சாமான் அலமாரியிலிருந்து அவளை எடுத்துவந்தார். மூன்று குழந்தைகள் பிழைத்தன. நான்காவது குழந்தையின் தாய், எரியும் விமானத்தை நோக்கித் திரும்ப ஓடப் பார்த்தபோது எதிரே வந்து மறித்தவர் ஜேன் பிரவுன்.

தரையில் வைக்கச் சொன்னாய், வைத்தேன், இப்போது பிள்ளை இல்லை. அந்தத் தாய் சொன்னதன் சாரம் இதுதான். 22 மாதமோ 23 மாதமோ ஆன ஒரு பையன், புகையில் மூச்சு முட்டி இறந்திருந்தான். பிரவுன் அந்தச் சொற்களை மறக்கவில்லை. வாஷிங்டனுக்குப் போனார், நாடாளுமன்றக் குழுக்கள் முன்னால் சாட்சி சொன்னார். ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் இருக்கை, ஒரு பெல்ட் என்று வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டே இருந்தார். 1990-ல் விபத்துகளை விசாரிக்கும் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அவர் பக்கம் நின்றது. விமானத்தில் எல்லோரும், பச்சைக் குழந்தை உட்பட, கட்டப்பட்டிருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரைக்கத்தான் அதற்கு அதிகாரம். விதி போடும் அதிகாரம் எஃப்.ஏ.ஏ. என்ற கூட்டாட்சி விமான நிர்வாகத்திடம் இருந்தது. அது ஒரு எதிர்க் கேள்வி கேட்டது: கட்டுவது சரி, எதைக் கொண்டு கட்டுவது?

கைவசம் இருந்தது கார்களுக்குச் செய்த குழந்தை இருக்கை. விமானத்துக்கும் ஏற்றது என்று சிவப்பு எழுத்தில் சான்று ஒட்டிய இருக்கைகள் 1980-களின் நடுவிலேயே அமெரிக்கக் கடைகளுக்கு வந்திருந்தன. சான்று பெற அவை ஒரு விசித்திரப் பரீட்சையையும் தாண்ட வேண்டும்: பொம்மையை உட்காரவைத்து, இருக்கையைத் தலைகீழாகப் புரட்டுவார்கள், பொம்மை விழக் கூடாது. ஆனால் அந்தக் கனத்த பிளாஸ்டிக் தொட்டியை ஒரு கையிலும், குழந்தையை மறு கையிலும், பையைத் தோளிலுமாகத் தூக்கிக்கொண்டு, சோதனைச் சாவடி தாண்டி, ஒடுங்கிய நடைபாதையில் யார் முழங்கையையும் இடிக்காமல் 28-வது வரிசை வரை போவது பெற்றோருக்குத் தனித் தண்டனை. அகலம் 16 அங்குலத்துக்கு மேல் போனால் சாதாரண வகுப்பு இருக்கையில் அடங்காது. அப்படியே அடங்கினாலும் பத்திரமா? அதை விமான இருக்கையில் வைத்து மோதிப் பார்த்தால்தான் தெரியும்.

மோதிப் பார்த்தது ஓக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்.ஏ.ஏ. ஆய்வகம். உண்மையான விமான இருக்கைகளைத் தண்டவாள வண்டியில் ஏற்றி, குழந்தை அளவுப் பொம்மைகளை உட்காரவைத்து, திடீரென்று நிறுத்தினார்கள். 1994-ல் வெளிவந்த முடிவுகள் சந்தையில் இருந்த பல பொருள்களின் மானத்தை வாங்கின. முதுகுப் பலகை இல்லாத பூஸ்டர் இருக்கையில் உட்கார்ந்த பொம்மை நசுங்கியது. காரணம் பலருக்குத் தெரியாத ஒரு ரகசியம்: சாதாரண வகுப்பு இருக்கையின் முதுகு முன்னால் மடியும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. பின்வரிசைப் பயணியின் தலை அதில் மோதும்போது அது விட்டுக்கொடுக்க வேண்டும். அது பெரியவருக்கு நல்லது. அந்த இருக்கையில் இருக்கும் குழந்தைக்கோ முதுகில் ஒரு பலகை வந்து விழுகிறது. இடுப்பு பெல்ட்டோடு கோத்து மாட்டும் மேல்சட்டை போன்ற வார்கள் வேறு விதத்தில் தோற்றன. அவை குழந்தையை நிறுத்தவில்லை. முன் இருக்கை வரை பாயவிட்டன.

மிக மோசமாகத் தேறியது வளைகுடா, சிங்கப்பூர் விமானங்களில் கைக்குழந்தையோடு போனவர்களுக்கு நன்றாகத் தெரிந்த அந்தக் குட்டி பெல்ட். அம்மாவின் பெல்ட்டில் ஒரு வளையமாகக் கோத்து, குழந்தையின் வயிற்றைச் சுற்றிப் பூட்டுவார்களே, அதுதான். மோதலில் அம்மாவின் உடல் முன்னால் மடங்குகிறது, நடுவில் குழந்தை. அதன் முழு வேகத்தையும் தாங்குவது அந்த மெல்லிய வயிறு. ஐரோப்பாவும் ஆசியாவும் குழந்தை பறந்துபோய் மற்றவர் மேல் விழாமலாவது இருக்கட்டும் என்று அதை வைத்துக்கொண்டன. அமெரிக்கா நேர்மாறான முடிவுக்கு வந்தது. 1996 ஜூனில் எஃப்.ஏ.ஏ. ஒரு தடை போட்டது: விமானம் நகரும்போதும், ஏறும்போதும், இறங்கும்போதும் பூஸ்டர் கூடாது, மேல்சட்டை வகை கூடாது, ‘ஹார்னெஸ்’ எனப்படும் வார்க்கட்டு வகை எதுவும் கூடாது. கனமான கார் இருக்கை, இல்லையேல் வெறும் மடி. நடுவில் இருந்த கதவை அரசே சாத்திவிட்டது.

வெறும் மடியின் கதை இதற்குள் இன்னொரு முறை எழுதப்பட்டிருந்தது. 1994 ஜூலை 2 அன்று வட கரோலினாவின் சார்லட்டில் புயல் காற்றில் சிக்கி யுஎஸ்ஏர் 1016 தரையில் மோதியது. 37 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒன்று தாயின் மடியில் இருந்த 9 மாதக் குழந்தை. தாய் பிழைத்துக்கொண்டார். பிடித்துக்கொள்ள முடியவில்லை என்றார். முடியாதுதான். 10 கிலோ எடையுள்ள பிள்ளை, புவியீர்ப்பைப்போல் 16 மடங்கு விசையில் 160 கிலோ மூட்டையாகிவிடும். அந்த 16 மடங்கு ஏதோ கற்பனை எண் அல்ல. 1988-க்குப் பிறகு வடிவமைக்கப்பட்ட விமானங்களின் இருக்கைகள் தாங்க வேண்டும் என்று எஃப்.ஏ.ஏ.வே வைத்த அளவு. இருக்கைக்கு அப்படி ஒரு பரீட்சை, தாயின் கைகளுக்கு எந்தப் பரீட்சையும் இல்லை. 1997-ல் துணை ஜனாதிபதி அல் கோர் தலைமையிலான குழுவும் மடிச் சலுகையை ஒழிக்கச் சொன்னது. 1998-ல் எஃப்.ஏ.ஏ. விதி கொண்டுவரும் முதல் அறிவிப்பை வெளியிட்டது. 1999-ல் பாதுகாப்பு வாரியம் இதைத் தன் ‘அவசரத் தேவை’ப் பட்டியலில் ஏற்றியது. காரியம் முடிந்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

குறுக்கே வந்தது பொருளாதாரம். எஃப்.ஏ.ஏ.வின் வாதம் இது: குழந்தைக்கு இருக்கை கட்டாயம் என்றால் பெற்றோர் இன்னொரு பயணச்சீட்டு வாங்க வேண்டும். பணம் இல்லாத குடும்பம் என்ன செய்யும்? காரில் போகும். அமெரிக்க நெடுஞ்சாலை, விமானத்தைவிடப் பல மடங்கு ஆபத்தானது. வானில் காப்பாற்றும் குழந்தைகளைவிட அதிகமான உயிர்கள் சாலையில் போகும். பாதுகாப்பு விதியே ஆளைக் கொல்லும் என்ற இந்தக் கணக்கைக் கேட்டுப் பிரவுன் கொதித்தார். ஆனால் 2003-ல் மருத்துவர்கள் தனியாகக் கணக்குப் போட்டு, குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிட்டபோது விடை எஃப்.ஏ.ஏ. பக்கமே சாய்ந்தது. விதியால் வருடத்துக்கு 0.4 குழந்தை மரணம் தவிரும்; நூற்றுக்கு 5 முதல் 10 குடும்பங்கள் காருக்கு மாறினாலே அந்த லாபம் கரைந்துவிடும்.

இந்தக் கணக்கு தப்பில்லை என்பதுதான் இதன் கொடுமை. வருடத்துக்கு 0.4 என்ற எண்ணுக்கு முகம் கிடையாது. சோளக்காட்டில் நின்ற தாய்க்கு உண்டு. இரண்டும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேச முடியாது. 2005 ஆகஸ்ட்டில் எஃப்.ஏ.ஏ. கட்டாய விதியைக் கைவிட்டது. பிரவுனின் 16 வருடப் போராட்டம் அத்தோடு மூழ்கியது போலத் தெரிந்தது. ஆனால் அதே ஆகஸ்ட்டில், அதே அலுவலகம், யார் கண்ணிலும் படாமல் இன்னொரு சிறு விதியையும் திருத்தியிருந்தது.

அந்தத் திருத்தத்துக்காகக் காத்திருந்தவர்களில் ஒரு பாட்டி இருந்தார். லூயீஸ் ஸ்டோல் பொறியாளர் அல்ல. கணக்கு வழக்கு பார்த்தவர். கிளின்டன் ஆட்சியில் போக்குவரத்துத் துறையின் உதவிச் செயலர், தலைமை நிதி அதிகாரி. எஃப்.ஏ.ஏ. அந்தத் துறையின் ஓர் அங்கம்தான். அதன் வரவு செலவு அவர் மேஜையைத் தாண்டித்தான் போகும். பதவியை விட்ட பிறகு, தன் மகள் சின்னப் பிள்ளைகளையும் கார் இருக்கையையும் சுமந்துகொண்டு விமானம் ஏறி இறங்கப் படும் பாட்டைப் பார்த்தார். மற்றப் பாட்டிகளுக்கும் அந்தக் காட்சி தெரியும். ஆனால் விமான விதிப்புத்தகம் எப்படி எழுதப்படுகிறது, எங்கே தட்டினால் திறக்கும் என்பது தெரிந்த பாட்டி இவர் ஒருவர்தான்.

அவர் யோசித்தது எளிமையான விஷயம். விமானத்தில் ஏற்கெனவே நல்ல இருக்கை இருக்கிறது, நல்ல பெல்ட்டும் இருக்கிறது. பிள்ளைக்கு இல்லாதது மேல் உடம்பைப் பிடிக்கும் வார் மட்டுமே. இடுப்பு பெல்ட் பெரியவரைக் காக்கும். தலை கனத்த, இடுப்பெலும்பு இன்னும் உறுதிப்படாத 2 வயதுப் பிள்ளையோ அதிலிருந்து நழுவும், முன்னால் மடங்கும். அப்படியானால் விமானத்துக்குள் இன்னொரு இருக்கையைத் தூக்கிவருவானேன், தோள்பட்டைக்கு இரண்டு வார்களை மட்டும் கொண்டுவந்தால் போதாதா? அந்த வார்களை எங்கே மாட்டுவது என்றபோதுதான் சிக்கல் வந்தது. மாட்ட இருந்த ஒரே இடம், ஓக்லஹோமா ஆய்வகத்தில் வில்லனாகத் தெரிந்த அதே மடியும் முதுகுப் பலகை.

அதோடு, 1996 தடை அப்படியே உயிரோடு இருந்தது. ‘வார்க்கட்டு’ என்ற பெயர் ஒன்றே விண்ணப்பத்தைக் கிழித்துப் போடப் போதுமானது. விதி அப்போது அனுமதித்தது கார் தரநிலைச் சான்று பெற்றவற்றைத்தான். விமானத்துக்காகவே செய்த, காருக்கு உதவாத ஒரு பொருளுக்குச் சான்று தர அதில் வரியே இல்லை. ஸ்டோல் ‘கிட்ஸ் ஃப்ளை சேஃப்’ என்று ஒரு சிறு நிறுவனம் தொடங்கினார். தயாரிப்புக்கு அவர் போய்ச் சேர்ந்த இடம் அரிசோனா மாநிலம் ஃபீனிக்ஸில் இருக்கும் ஆம்சேஃப். உலகத்து விமான இருக்கைகளில் பெரும்பாலானவற்றின் பெல்ட்டை நெய்து பக்கிள் மாட்டித் தருபவர்கள். இருக்கையின் முதுகு எந்த விசையில் எவ்வளவு மடியும் என்பது அவர்களுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

அப்போதுதான் 2005-ன் அந்தச் சின்னத் திருத்தம் வந்தது. கார் தரநிலைச் சான்று இல்லாவிட்டாலும், விமானத்துக்கென்றே செய்து எஃப்.ஏ.ஏ.விடம் நேராகச் சான்று வாங்கிய குழந்தைப் பாதுகாப்புச் சாதனத்தை இனிப் பயன்படுத்தலாம். கட்டாயப்படுத்த மனமில்லாத நிர்வாகம், விருப்பப்படுபவருக்கு வழி திறந்துவிட்டது. குற்றவுணர்ச்சியா, தந்திரமா என்று விவாதிக்கலாம். என் கணிப்பில் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம். 2006-ல், வார்க்கட்டுகளை விரட்டி சரியாகப் பத்து வருடம் கழிந்திருந்த நிலையில், எஃப்.ஏ.ஏ. ஒரு வார்க்கட்டுக்கு ஒப்புதல் முத்திரை குத்தியது.

அதன் பெயர் ‘கேர்ஸ்’. பார்க்க ஒன்றுமே இல்லை. எடை ஏறக்குறைய அரைக் கிலோ. சுருட்டினால் கைப்பைக்குள் அடங்கும் ஒரு துணிப்பை. உள்ளே சிவப்பு நிறத்தில் ஒரு வார். அதை இருக்கையின் முதுகைச் சுற்றி வளைத்து, பின்வரிசைக்காரரின் சாப்பாட்டுத் தட்டை இறக்கி, அதற்குக் கீழே பலகையோடு ஒட்டி ஓடவிட்டு இறுக்கிவிட்டுத் தட்டைத் திரும்ப மூடிவிடுவார்கள். முன்பக்கம் இரண்டு தோள் வார்கள் தொங்கும். அவற்றின் அடி வளையங்களுக்குள் விமானத்தின் சொந்த பெல்ட்டே நுழைந்து பூட்டிக்கொள்ளும். மார்பில் ஒரு கிளிப். 10 கிலோ முதல் 20 கிலோ வரை, உயரம் 1 மீட்டருக்குள் இருந்தால் பிள்ளை ஏறலாம். இருக்கையின் முதுகோடு சண்டை போடாமல், பிள்ளையை அதனோடு சேர்த்துக் கட்டிவிடுவதுதான் இதில் இருக்கும் சூட்சுமம். பழைய மேல்சட்டைகள் பிள்ளையை இடுப்பு பெல்ட்டோடு மட்டும் கோத்தன; தோள் எதிலும் தொங்கவில்லை, அதனால் பாய்ந்தது. இங்கே தோளுக்குப் பிடிமானம் உண்டு.

சுற்றிலும் ஓடு போட்ட சில உயர் வகுப்பு இருக்கைகளை இந்த வாரால் வளைக்க முடியாது. அவசர வழி வரிசையில் மாட்டக் கூடாது. விமானத்தில் மட்டும் என்று பட்டியிலேயே அச்சிட்டிருப்பதால், இறங்கிய ஊரில் வாடகைக் காருக்கு வேறு இருக்கை தேட வேண்டும். இந்த வாரைக் கண்டிராத பணிப்பெண் யாராவது ‘ஹார்னெஸ் கூடாதே’ என்று பழைய பாடத்தை நினைவுபடுத்தக்கூடும். பெற்றோர் அந்த ஒப்புதல் பட்டியைத் திருப்பிக் காட்டுவார்கள். 1996 ஒரு பக்கம், 2006 ஒரு பக்கம் என்று நடைபாதையில் நடக்கும் இந்தச் சிறு வழக்கில் ஜெயிப்பது பெரும்பாலும் பட்டிதான். ஆனால் பட்டியால் ஜெயிக்க முடியாத வழக்கு ஒன்று இருந்தது.

அது ஜேன் பிரவுன் தொடுத்த அசல் வழக்கு. சிவப்பு வாரை மாட்ட முதலில் பிள்ளைக்கென்று ஓர் இருக்கை வாங்கியிருக்க வேண்டும். 10 கிலோ எட்டாத கைக்குழந்தைக்கு அது பொருந்தவே பொருந்தாது. மடிச் சலுகையோ இரண்டு வயது வரை நீள்கிறது. ஸ்டோல் தீர்த்தது, இருக்கை வாங்கத் துணிந்த பெற்றோரின் தோள்வலியை. பிரவுன் கேட்டதோ, வாங்காதவர்களின் பிள்ளைக்கு. இன்னொரு வேடிக்கையும் சேர்ந்துகொண்டது. கேர்ஸ் ஒப்புதல் வாங்கிய அதே 2006-ல், நவம்பர் மாதம், பாதுகாப்பு வாரியம் மடிக் குழந்தைப் பரிந்துரையைத் தன் ‘அவசரத் தேவை’ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

எஃப்.ஏ.ஏ. அதற்குப் பிறகு பெற்றோருக்குச் சொல்லும் அறிவுரையில், குழந்தைக்கு மிகப் பாதுகாப்பான இடம் ஒப்புதல் பெற்ற சாதனம்தான், மடி அல்ல என்று அழுத்தியே எழுதுகிறது. விதிப்புத்தகமோ மடியை அனுமதிக்கிறது. 2024 ஜனவரி 5 அன்று போர்ட்லண்டிலிருந்து கிளம்பிய அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானம் 16,000 அடி உயரத்தில் இருந்தபோது பக்கவாட்டுக் கதவுப் பலகை ஒன்று பிய்த்துக்கொண்டு பறந்தது. ஓட்டையை ஒட்டிய இரண்டு இருக்கைகள் அன்று தற்செயலாகக் காலியாக இருந்தன. அவற்றுக்கு முன்வரிசையில் இருந்த பையன் ஒருவனின் சட்டையைக் காற்று உருவிக்கொண்டு போயிற்று. யாரும் இறக்கவில்லை. அந்த விமானத்தில் மடியில் அமர்ந்து வந்த கைக்குழந்தைகள் 3 பேர்.